வேற வீட்டுப் பால்

உட்காருங்க மேரியம்மா. கீழ வேணாம், சோபாவுலயே உட்காரலாம். அந்த ஓரத்துல பழைய பெட்ஷீட் விரிச்சிருக்கேன் பாருங்க, அதுமேல. நான் வித்தியாசமெல்லாம் பார்க்கறவ இல்ல. பையன் உள்ள தூங்கறான், அதனால மெதுவாவே பேசுவோம்.

தண்ணி குடிக்கறீங்களா? அந்த ஜன்னலோரத்துல ஒரு சொம்பு இருக்கு, அதுல எடுத்துக்குங்க. வேலைக்கு வர்றவங்களுக்குன்னு தனியா வச்சிருக்கேன். கைக்குழந்தை இருக்கற வீடு. சுத்தம்தானே முக்கியம்.

ஏஜென்சியில உங்களைப் பத்தி ரொம்ப நல்லாச் சொன்னாங்க. போன தடவை வந்தவளையும் இப்படித்தான் நல்லாச் சொல்லி அனுப்பினாங்க. அதனால என்ன வேலை, எப்ப வரணும், எப்ப போகணும்கறதெல்லாம் அப்புறம் பேசிக்கலாம். முதல்ல இந்த வீட்டுல என்ன நடந்ததுன்னு சொல்லிடறேன். வர்றவங்ககிட்டயெல்லாம் இதைச் சொல்லாதேன்னு என் புருஷன் சொல்றார். அவர் நெய்வேலியில இருக்கார், சனி ஞாயிறு வந்துட்டுப் போறவர். தினம் இங்க கிடந்து அல்லாடறது நான்தானே? கேட்டுட்டு நீங்களே சொல்லுங்க, நான் பண்ணது தப்பான்னு.

நான் கன்டோன்மென்ட்ல ஒரு ஆடிட்டர் ஆபீஸ்ல இருக்கேன். கல்யாணத்துக்கு முன்னாடியிலருந்து அங்கதான். பிரசவத்துக்கு ஆறு மாசம் லீவுன்னு சட்டம் இருக்கு. அந்தச் சட்டத்தை ஊர்ல இருக்கற கம்பெனிக்கெல்லாம் எடுத்துச் சொல்றவரே எங்க ஆடிட்டர்தான். ஆனா என் புள்ளைக்குத் தலை நிக்கறதுக்குள்ள எனக்குப் போன் பண்ணிட்டார். "சுபாஷிணி, ரிட்டர்ன் போடற சீசன் வருது, நீ இல்லாம எப்படிம்மா?"ன்னார். அந்த 'நீ இல்லாம'வுலதான் நான் ஏமாந்தது. சரி சார்னுட்டேன்.

எனக்குப் பால் கொட்டுச்சு மேரியம்மா. சும்மா சொல்லல. ஆஸ்பத்திரியில நர்ஸம்மாவே, 'ரெட்டைப் புள்ளைக்குக் காணும்'னாங்க. அப்படி இருந்த பால்.

வேலைக்குப் போன முதல் நாளே மத்தியானத்துக்குள்ள மார் ரெண்டும் கல்லாயிடுச்சு. சிமெண்ட் ஏஜென்சி வச்சிருக்கற ஒருத்தர் எதிர்ல உட்கார்ந்து கணக்கு சொல்லிட்டிருக்கார். சொல்லிட்டே வந்தவர் திடீர்னு நிறுத்திட்டார். நான் நிமிர்ந்து பார்த்தா அவர் கண்ணு என் நெஞ்சு மேல நிக்குது. குனிஞ்சு பார்த்தேன். ரவிக்கையில ரெண்டு வட்டம், ஈரமா. சரி, தெரியாமப் பார்த்துட்டார், அப்புறமாவது கண்ணை எடுக்கணுமில்ல? எடுக்கல. அவர் ஃபைலையே எடுத்து அணைச்சுக்கிட்டு எழுந்து ஓடினேன். அன்னிக்கு எனக்கு அந்த ஆள் மேல வந்த அருவருப்பு கொஞ்சநஞ்சமில்ல. என் உடம்பு மேலயே வந்துச்சு.

எங்க ஆபீஸ்ல தாழ்ப்பாள் இருக்கற இடம்னா பாத்ரூம் ஒண்ணுதான். ஆம்பளை பொம்பளை எல்லாருக்கும் அந்த ஒண்ணு. உள்ள உட்கார இடம் கிடையாது. சுவத்துல சாயலாம்னா சுவரு எப்பவும் நசநசன்னு இருக்கும். ஃபினாயில் வாடை, அந்த ஃபினாயிலையும் மீறி மூத்திர வாடை. பிளாஸ்டிக் மக்குல யாரோ விட்டுட்டுப் போன தலைமுடி. அங்க நின்னுக்கிட்டு, மூச்சைப் பிடிச்சுக்கிட்டு, கையால அமுக்கற பம்பை வச்சு என் புள்ளை குடிக்கப்போற பாலை நான் எடுக்கறேன். நினைச்சுப் பாருங்க. வெளியில யாராவது நின்னு கதவைத் தட்டிக்கிட்டே இருப்பாங்க. தட்டத் தட்டப் பால் இறங்காது. அது ஒண்ணும் குழாய்த் தண்ணி இல்லையே.

ஆபீஸ்ல பழைய ஃபைல் போட்டு வைக்கற ரூம் ஒண்ணு இருக்கு. கதவு இருக்கு, தாழ்ப்பாள்தான் இல்ல. வெக்கத்தை விட்டு ஆடிட்டர்கிட்ட போய்க் கேட்டேன். "சார், அந்த ரூமுக்கு ஒரு தாழ்ப்பாள் போட்டுக் குடுத்தா போதும்"னு. எதுக்குன்னார். சொன்னேன். சொன்னதும் மனுஷன் மேசை மேல இருந்த காலண்டரை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அந்த மாசத்துல என்ன தேடினாரோ. "அது லேடீஸ் விஷயம், கோமளவல்லி மேடத்துக்கிட்ட பேசிக்கோம்மா"ன்னுட்டார்.

கோமளவல்லி மேடம்தான் அங்க எங்களுக்கெல்லாம் பெரியவங்க. அவங்ககிட்ட பேசினா, "நாங்கெல்லாம் புள்ளை பெத்துக்கலையா? இப்படியா ஊருக்குச் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சோம்?"னாங்க. அதோட முடிஞ்சுது தாழ்ப்பாள்.

இதுவாவது பரவாயில்ல. ஃப்ரிட்ஜ் கதையைக் கேளுங்க. ஆபீஸ்ல ஒரு சின்ன ஃப்ரிட்ஜ். டீக்குப் பால் இருக்கும், வெள்ளிக்கிழமை சாமிக்கு வைக்கற பால் இருக்கும், கோமளவல்லி மேடத்தோட தயிர் இருக்கும். நான் என் பாலைத் திறந்தா வச்சேன்? எவர்சில்வர் டப்பா, இறுக்கமான மூடி, அதுக்கு மேல துணிப்பை, அதையும் அடித்தட்டுல, யார் கண்ணுலயும் படாத மாதிரி. ஒருநாள் சாயங்காலம் கிளம்பறப்போ எடுக்கப் போறேன், பை மட்டும் மடிச்சு வச்சிருக்கு. டப்பா கழுவித் தொட்டி மேல கவுத்து வச்சிருக்கு.

"மேடம், இதுல இருந்த பால்?"னேன்.

"கொட்டிட்டேன்"னாங்க. அலட்டிக்கவே இல்ல. "சாமிக்கு வைக்கற பால் இருக்கற இடம்மா. உடம்புலருந்து வர்றதைக் கொண்டாந்து அதுல வைக்கறியே, அருவருப்பா இல்ல உனக்கு? எனக்கு ரெண்டு நாளா அந்தத் தயிரை வாயில வைக்க முடியல"ன்னாங்க.

அன்னிக்குப் பூரா அந்த நாத்தத்துல நின்னு எடுத்த பால் மேரியம்மா. தொட்டிக் குழியைச் சுத்தி இன்னும் வெள்ளையா ஒட்டிக்கிட்டு இருந்துச்சு. நான் விரலை வச்சு அதைத் தொட்டுப் பார்த்தேன். எதுக்குத் தொட்டேன்னு இன்னிக்கு வரைக்கும் தெரியல. பஸ்ல நின்னுக்கிட்டே அழுதேன்.

தாய்ப்பாலை அருவருப்புன்னு சொல்ற பொம்பளையும் ஒரு பொம்பளையா? ஒரு குழந்தையோட உசுரு அது. அதுல சுத்தமென்ன, அசுத்தமென்ன? அதைக் கொட்டறதுக்கு ஒருத்திக்குக் கை வரும்னா அவ மனசு எப்படிப்பட்ட மனசா இருக்கும்? நீங்களே சொல்லுங்க. நானெல்லாம் செத்தாலும் அப்படி ஒரு காரியம் பண்ணமாட்டேன்.

அதுக்கப்புறம் ஐஸ் பையும் கையுமா அலைஞ்சேன். அப்படியும் சீசன் சூடு பிடிச்சதும் எழுந்து போக முடியல. பாத்ரூம் பக்கம் போனாலே கோமளவல்லி மேடம் கடிகாரத்தைப் பார்ப்பாங்க. ஒரு வேளை எடுக்காம விட்டேன், அப்புறம் ரெண்டு வேளை. கட்டிக்கிட்டு வலிக்கும், பல்லைக் கடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருப்பேன். அது தானா வத்தும். வத்த வத்த அடுத்த நாள் குறைச்சலா ஊறும். டாக்டரம்மாகிட்ட போனேன். "எடுக்க எடுக்கத்தாம்மா ஊறும், எடுக்காம விட்டா உடம்பு இது வேணாம் போலருக்குன்னு நிறுத்திக்கும். வேளை தவறாம எடுங்க. பாட்டில் பழக்காதீங்க, சங்கு மாதிரி இருக்குமே, அந்தப் பாலாடையில குடுக்கச் சொல்லுங்க"ன்னாங்க. அவங்களுக்கென்ன, ஏசி ரூம்ல உட்கார்ந்து சொல்லிட்டாங்க.

பால் ஊறணும்னு பால்சுறா புட்டு தின்னேன். பூண்டைப் பால்ல வேகவச்சுக் குடிச்சேன். முருங்கைக்கீரையைப் பார்த்தாலே ஓங்கரிக்கற அளவுக்குத் தின்னேன். என் உடம்புல அடிச்ச பூண்டு வாடைக்கு பஸ்ல பக்கத்து சீட்டுல யாரும் உட்காரல. என் புருஷன், "டப்பா பால் குடுத்துப் பார்ப்போமே"ன்னார். முடியவே முடியாதுன்னுட்டேன். என் தம்பி பொண்டாட்டி டப்பா பால் கலக்கிக் குடுத்தப்போ நான் அவளைப் பேசாத பேச்சில்ல. 'மாட்டுக்கன்னு வளர்க்கறியா, புள்ளை வளர்க்கறியா'ன்னு எல்லார் முன்னாடியும் கேட்டிருக்கேன். நான் போய் டப்பாவைத் தூக்க முடியுமா?

இப்ப அவளுக்கு வர்றேன். நிரோஷா. உய்யக்கொண்டான் வாய்க்கால் ஓரத்துல குடியிருக்கறவ. சின்னப் பொண்ணுதான். நான் வேலைக்குத் திரும்பினப்போ குழந்தையைப் பார்த்துக்க ஏஜென்சியில அனுப்பினாங்க. அவளுக்கும் இவன் வயசுல ஒரு கைக்குழந்தை. ஆணா பொண்ணான்னு கேட்டிருப்பேன், ஞாபகமில்ல. மாமியார்கிட்ட விட்டுட்டு வர்றாள்னாங்க. கைக்குழந்தைக்காரி, குழந்தையைப் பிடிக்கத் தெரியும்னாங்க. எனக்கும் அது சரின்னுதான் பட்டுச்சு.

வந்த வாரமே ஒண்ணு கேட்டா. "அக்கா, எங்க பாப்பாவையும் தூக்கிட்டு வந்துடட்டுமா? தொட்டில்கூட வேணாங்க்கா, ஒரு ஓரமா துணியில போட்டுக்கறேன். அழாது"ன்னா. நான் கோவிச்சுக்கல. நல்ல விதமாத்தான் எடுத்துச் சொன்னேன். "நிரோஷா, இது வீடு, பால்வாடி இல்ல. ரெண்டும் சேர்ந்து அழுதா நீங்க எதைத் தூக்குவீங்க? அதுக்கு ஒரு சளின்னா இவனுக்கு ஒட்டிக்கும்"னேன். 'நீங்க'ன்னுதான் பேசினேன். வேலைக்காரங்கன்னு நான் யாரையும் வா போன்னு பேசறதில்ல. தலையை ஆட்டிக்கிட்டா. அதுக்கப்புறம் அந்தப் பேச்சையே எடுக்கல. புரிஞ்சுக்கற பொண்ணுன்னு நினைச்சேன்.

ஒரே ஒரு கஷ்டம், வாடை. நான் சாயங்காலம் வீட்டுக்குள்ள நுழைஞ்சா அவ மேலருந்து ஒரு புளிச்ச வாடை வரும். ரவிக்கை நனைஞ்சு, காஞ்சு, அட்டை மாதிரி விறைச்சுப்போய் நிக்கும். முந்தானையை இழுத்து இழுத்து மூடிக்குவா. கைக்குழந்தையைத் தூக்கறவ அப்படியா இருக்கறது? எனக்குச் சாப்பாடு இறங்காது. "மாத்துத் துணி ஒண்ணு கொண்டுவந்து வச்சுக்கங்க"ன்னு சொல்லி, என் பழைய நைட்டி ஒண்ணையும் குடுத்தேன். நல்ல நைட்டி, ஜிப்பு வச்சது. மனசாட்சி இல்லாதவளா இருந்தா குடுப்பேனா? கொஞ்ச நாள்ல அந்த வாடையும் நின்னுபோச்சு. சொன்னதைக் கேட்டுக்கிட்டா, சுத்தமா இருக்கப் பழகிட்டான்னு சந்தோஷப்பட்டேன்.

அப்போதான் என் புள்ளை தேற ஆரம்பிச்சான். கையில காலுல மடிப்பு விழுந்துச்சு. நான் டப்பாவுல வச்சுட்டுப் போற பாலே கொஞ்சூண்டு, அதுலயும் பாதி அப்படியே இருக்கும். "போதும்னுட்டான்க்கா"ம்பா. சாயங்காலம் நான் எடுத்து வச்சா ரெண்டு இழுப்பு இழுத்துட்டுத் தூங்கிடுவான். தடுப்பூசி போடப் போனப்போ டாக்டரம்மா எடை பார்த்துட்டு, "பரவாயில்லையே, வேலைக்கும் போயிட்டு இவ்வளவு நல்லா வளர்த்திருக்கீங்களே! உங்களை மாதிரி நாலு பேர் இருந்தா போதும்"னாங்க. எனக்குத் தலைகால் புரியல. கொஞ்சமா ஊறினாலும் என் பால்ல அவ்வளவு சத்துன்னு நினைச்சேன். வேணும்னே போய்க் கோமளவல்லி மேடத்துக்கிட்ட போன்ல போட்டோ காட்டினேன். "பார்த்தீங்களா மேடம், நீங்க கொட்டினது போக மிச்சம் இருந்ததுல வளர்ந்தவன்"னு சொன்னேன். அவங்க முகம் செத்துப்போச்சு. அன்னிக்கு ராஜாத்தி மாதிரி வீட்டுக்கு வந்தேன்.

ஒருநாள் ஆபீஸ்ல கரண்ட் பெட்டி பொசுங்கிடுச்சு. ஆடிட்டர் மத்தியானமே எல்லாரையும் வீட்டுக்குப் போகச் சொல்லிட்டார். எனக்கு ஒரே சந்தோஷம். மார்ல கொஞ்சம் பால் கட்டியிருந்தது வேற. நேரா போய் நானே குடுக்கலாம்னு ஆட்டோ பிடிச்சேன். என்கிட்ட ஒரு சாவி இருக்கு, சத்தம் போடாம திறந்தேன், தூங்கினா எழுந்துடக் கூடாதேன்னு. வீடு அமைதியா இருந்துச்சு. இந்த வீடு அப்படி அமைதியா இருந்து நான் பார்த்ததில்ல.

இதோ, இங்கதான். இந்த சோபாவுக்குக் கீழ, தரையில, காலை நீட்டி உட்கார்ந்திருக்கா. என் நைட்டி. ஜிப்பு இறங்கியிருக்கு. என் புள்ளை அவ மடியில. ஒரு கையால அவ கழுத்துப் பாசியைப் பிடிச்சுக்கிட்டு, கண்ணு சொக்கிப் போய், "ம்ம்... ம்ம்..."னு சத்தம் போட்டுக்கிட்டுக் குடிக்கறான். என்கிட்ட குடிக்கறப்போ அவன் ஒருநாளும் அப்படிச் சத்தம் போட்டதில்ல.

கையில இருந்த பையை அப்படியே கீழ போட்டேன்.

ஓடிப்போய்ப் பிடுங்கினேன். வாய் விடல அவன். இழுத்தேன். பால் பீய்ச்சி அவன் கன்னத்துல அடிச்சுது, என் கையிலயும் பட்டுது. சூடா இருந்துச்சு. இப்பச் சொல்றப்பகூட எனக்குக் கை கூசுது பாருங்க. வீல்னு கத்தறான். அவ பாட்டுக்கு ஜிப்பைத் தேடறா.

"என்ன பண்றீங்க நிரோஷா?"ன்னேன். அப்பவும் 'நீங்க'தான்.

"கோவிச்சுக்காதீங்கக்கா. நீங்க வச்சுட்டுப் போற பாலு அவனுக்குப் பத்தலக்கா. பாலாடை காலியானதும் அழுவான் பாருங்க, தொண்டை கட்டிக்கும். என்ன தூக்கிப் போட்டாலும் அடங்கமாட்டான். எனக்கும் இங்க கட்டிக்கிட்டு வலி உசுரு போவும். பாத்ரூம்ல நின்னு பீய்ச்சிப் பீய்ச்சிக் கொட்டிக்கிட்டிருந்தேன். ஒருநாளு அவனும் அழுவறான், நானும் அழுவறேன். மனசு கேக்கலக்கா."

"எத்தனை நாளா?"

அவ ஜிப்பைக் கழுத்து வரைக்கும் இழுத்துவிட்டுக்கிட்டா.

"சொல்லணும்னு தோணலையா?"

"சொன்னா வேணாம்னுடுவீங்கக்கா."

அப்ப அவளுக்கே தெரியுது இல்ல, தப்புன்னு? எனக்குக் கோவம் தலைக்கேறிடுச்சு. "உங்க குழந்தைக்குக் குடுக்க வேண்டியதுதானே?"ன்னு கேட்டேன். நியாயமான கேள்விதானே மேரியம்மா? அவ நிமிர்ந்து என்னையே பார்த்தா. பார்த்துட்டு, "அது வீட்டுல கெடக்குதுக்கா"ன்னா.

அவ்வளவுதான். வீட்டுல கெடக்குதாம். கேட்ட கேள்வி என்ன, சொல்ற பதில் என்ன?

நீங்க எழுந்திருக்காதீங்க, அவன் லேசா சிணுங்கறான், தானா அடங்கிடுவான். நான் சொல்லி முடிச்சுடறேன்.

எந்த வீடு, எந்தத் தண்ணி, என்னத்தைத் தின்னறா, உடம்புல என்ன இருக்கு, ஒண்ணும் தெரியாது. அவ உடம்புலருந்து வர்றது என் புள்ளை ரத்தத்துல போய்க் கலக்குது. வேற வீட்டுப் பால். எங்க குடும்பம் எப்படி, அவங்க எப்படி... நான் ஜாதியைச் சொல்லல. அதெல்லாம் பார்க்கறவ இல்லன்னு முதல்லயே சொன்னேனே. சுத்தத்தைச் சொல்றேன்.

ஈரத்துணியை விரல்ல சுத்திக்கிட்டு அவன் வாயைத் தொடச்சேன். நாக்கு, ஈறு, கன்னத்து உள்பக்கம், எல்லாம். அவன் ஓங்கரிச்சான். ஓங்கரிக்கட்டும், வெளிய வந்தா நல்லதுன்னு விட்டேன். கொஞ்சம் வந்துச்சு. வெள்ளையா. அவ அந்த மூலையில நின்னுக்கிட்டு, "அக்கா, போதும்க்கா, புள்ளை நோவும்க்கா"ன்னு அழறா. என் புள்ளைக்கு நோகறது எனக்குத் தெரியாதா? இவ வந்து சொல்லணுமா? நைட்டியைக் கழட்டி வச்சுட்டுப் போன்னு சொல்லிட்டேன். ஆமா, அப்போதான் முதல் தடவையா 'போ'ன்னு வந்துடுச்சு வாயில. அவ போனதும் அந்த நைட்டியைக் கையால தொடல, துடைப்பக் கட்டையால தள்ளிக் குப்பையில போட்டேன்.

அடுத்த நாளே குழந்தைக்கு ரத்தம் எடுத்துப் பார்த்தேன். டாக்டரம்மா, "குழந்தை நல்லாத்தானே இருக்கான், அந்தப் பொண்ணை வரச்சொல்லுங்க, அதுக்கு எடுத்துப் பார்த்தா போதும்"னாங்க. அவளை மறுபடி இந்த வாசல் மிதிக்க விடுவேனா? அந்தப் பிஞ்சுக் கையில ஊசி குத்தி எடுத்தோம். ஒண்ணுமில்லன்னு வந்துச்சு. ஒண்ணுமில்லன்னா? குடிச்சது குடிச்சதுதானே?

லீவு போட்டுட்டு நானே குடுக்கறேன்னு உட்கார்ந்தேன். வாயை வைப்பான். ரெண்டு இழுப்பு. அப்புறம் தலையைத் திருப்பிக்கிட்டு உடம்பை வில்லு மாதிரி வளைச்சுக் கத்துவான். நான் பிடிச்சு அமுக்குவேன். இன்னும் கத்துவான். ஒரு சொட்டு ஊறல. பம்பு வச்சா ரத்தக் கோடா வருது, பால் வரல. டாக்டரம்மா சொன்னாங்களே, எடுக்க எடுக்கத்தான் ஊறும்னு? அவன் பகல் பூரா அவகிட்ட குடிச்சு வயிறு ரொம்பி இருந்தா, சாயங்காலம் என்கிட்ட எதுக்கு இழுப்பான்? இழுக்காம எப்படி ஊறும்? யோசிச்சுப் பாருங்க. என் பாலை நிறுத்தினது அவதான். ஆபீஸ் இல்ல, பாத்ரூம் இல்ல, அந்தக் கோமளவல்லி மேடம்கூட இல்ல. அவதான். இதைச் சொன்னா என் புருஷன், "அவ இல்லேன்னா நம்ம புள்ளை பட்டினி கிடந்திருப்பான் சுபா"ங்கறார். பேச்சைப் பாருங்க. நான் அதுலருந்து அவர்கூடச் சரியாப் பேசறதில்ல.

கடைசியில டப்பா பால்தான். பாட்டில்தான். தம்பி பொண்டாட்டி வர்றாள்னா டப்பாவை அலமாரிக்குள்ள வச்சுப் பூட்டிடுவேன்.

இன்னும் ஒண்ணு இருக்கு, அதையும் சொல்லிடறேன். ஒரு வாரம் கழிச்சு சாயங்காலம் வந்து நிக்கறா. கீழ, கேட் பக்கத்துல. இடுப்புல அவ குழந்தை. பால்கனியில துணி எடுத்துக்கிட்டிருந்தேன். "அக்கா, பையன் குடிக்கறானாக்கா? ஒரே ஒரு தடவை கண்ணால பார்த்துட்டுப் போயிடறேன்"ங்கறா. தெருவே கேக்க.

அன்னிக்குத்தான் அவ குழந்தையைப் பார்த்தேன். இவன் வயசுன்னாங்க, இவன்ல பாதிகூட இல்ல. தலை மட்டும் பெரிசா, கழுத்து குச்சி மாதிரி, தொடையில தோல் தொங்குது. பார்க்கச் சகிக்கல. ஒரு தாய் தன் குழந்தையை இப்படியா வச்சிருப்பா? அது மாமியார் கையில கஞ்சித் தண்ணி குடிச்சுக்கிட்டுக் கிடக்க, இவ அடுத்தவ புள்ளைக்கு மாரைக் குடுத்துக்கிட்டு உட்கார்ந்திருந்திருக்கா. இவளெல்லாம் பெத்தவளா? இவளுக்கெல்லாம் எதுக்கு ஒரு குழந்தை? மேலருந்தே கேட்டுட்டேன்.

அவ இடுப்புல இருந்த குழந்தையை இன்னும் கொஞ்சம் மேல ஏத்திக்கிட்டா. அவ குரலைக் கேட்டதும் உள்ள தூங்கிட்டிருந்த இவன் எழுந்து கத்த ஆரம்பிச்சுட்டான். அந்தக் குழந்தை அழவே இல்ல. கண்ணை மட்டும் பெரிசா வச்சுக்கிட்டு மேல என்னையே பார்த்துக்கிட்டிருந்துச்சு. நான் உள்ள வந்து கதவைச் சாத்திட்டேன். இவன் அடங்கறதுக்கு இருட்டிடுச்சு.

என்ன கேட்டீங்க? அந்தக் குழந்தை இப்ப எப்படி இருக்குன்னா? எனக்கெப்படி மேரியம்மா தெரியும்? அது அவங்க குடும்ப விஷயம்.

அதனாலதான் ஏஜென்சியில கண்டிப்பாச் சொல்லிட்டேன், கைக்குழந்தைக்காரி வேணாம், பேரன் பேத்தி எடுத்தவங்களா அனுப்புங்கன்னு. உங்க புள்ளைங்கெல்லாம் பெரிசாகிக் கல்யாணமும் ஆயிடுச்சுன்னாங்க. நல்லதாப் போச்சு. தப்பா எடுத்துக்காதீங்க, உங்க வயசுன்னா எனக்கு ஒரு நிம்மதி.

சரி, எழுந்துட்டான். கையைச் சோப்பு போட்டுக் கழுவிட்டுப் போய்த் தூக்குங்க. முழங்கை வரைக்கும். ஆங், அப்படித்தான். கழுத்தைப் பிடிச்சு... உங்களுக்குத் தெரியாததா. கொண்டாங்க இப்படி, வெளிச்சத்துக்கு.

அய்யய்யோ, பாருங்க, ஆரம்பிச்சுட்டான். முந்தானையை இழுத்து நல்லாச் சொருகிக்குங்க. எந்தப் பொம்பளை தூக்கினாலும் இதே வேலை, மூஞ்சியை நெஞ்சுல வச்சுத் தேய்ச்சுக்கிட்டு, வாயைத் திறந்துக்கிட்டு. எதிர்வீட்டுக் காலேஜ் பொண்ணு தூக்கினாலும் இப்படித்தான், அது கூச்சப்பட்டுக் கீழ விட்டுட்டு ஓடிடுச்சு. பார்க்கவே அசிங்கமா இருக்கு எனக்கு. பசியெல்லாம் இல்ல, தூங்கறதுக்கு முன்னாடி ஒரு பாட்டில் முழுசாக் குடிச்சான்.

என்கிட்டயா? இல்ல, என்கிட்ட மட்டும் அப்படிப் பண்ணமாட்டான். நான் தூக்கினா வாயை இறுக்க மூடிக்கிட்டு, அசையாம, என் முகத்தையே பார்த்துக்கிட்டு இருப்பான். பெத்தவ யாருன்னு தெரியுதுல்ல அவனுக்கு.